பையப் போன வண்டி

எங்கள் கால்பந்து டீமில் கோல் காத்த கோலியை ரயிலேற்றிவிட்டுத் திரும்பி வருகையில், வண்டிக்கார அண்ணாச்சி ஆற்றுப் பாலத்தின் நடுவில் குதிரையை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு தாமிரபரணியைப் பார்த்தபடி நின்றார். ஐப்பசி மாதம், ஆறு செந்நிறமாகக் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர்கள் வழி கேட்டுச் சத்தம் போட்டார்கள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நானும் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றபோது முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "வாத்தியாரய்யா, ஒருத்தன் ஆட்டம் படிச்சு நிமிருததுக்குள்ள ரயிலேறிப் போயிடுதான். அவனக் கொண்டுபோய் ஏத்திவிடுதவனும் நானால்லா இருக்கேன்."

அது உண்மைதான். கோலியோடு சேர்த்து அந்த இரண்டு வருஷத்தில் ஐந்து பேர் போய்விட்டிருந்தார்கள். நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் சபை வாலிபர்கள் சேர்ந்து வைத்திருந்த கால்பந்து டீமுக்கு நான்தான் கேப்டன். எங்கள் பையன்கள் எல்லோரும் நாலு எழுத்துப் படித்தவர்கள். படித்தவனுக்கு இந்த ஊரில் எத்தனை நாற்காலி இருந்துவிடப் போகிறது? இருவர் ரங்கூன் அரிசி ஆலைக்குப் போனார்கள். ஒருவன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கெழுதப் போனான். இன்னொருவன் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு. கோலி சென்னைக்கு. ஐந்து பேரும் அண்ணாச்சியின் குதிரைவண்டியில்தான் ஸ்டேஷனுக்குப் போனார்கள். வேறு வண்டியில் ஏற அவர் விடமாட்டார்.

அவர் மேலப்பாளையத்து முஸ்லிம். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மைதானத்தின் ஓரத்தில் இருந்த வாகைமர நிழலில் சவாரிக்காகக் காத்து நிற்பது வழக்கம்; அப்படி நின்ற நாட்களில்தான் எங்கள் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார். கையால் ஏன் தொடக்கூடாது என்று முதலில் என்னிடம் கேட்டவர், ஒரு வருஷத்துக்குள் நடுவரின் விசில் தப்பு என்று வாதாடும் அளவுக்கு வந்துவிட்டார். ஒரு நாளும் அவர் பந்தைத் தொட்டதில்லை. ஆனால் குதிரைகளின் கால்களையே வாழ்நாளெல்லாம் பார்த்துப் பழகிய கண் அது. இன்னாருக்கு முழங்கால் வலிக்கிறது, மறைக்கிறான் என்று அவன் நொண்டுவதற்கு முந்தின வாரமே சொல்லிவிடுவார். சனிக்கிழமை மாலையில் எப்பேர்ப்பட்ட சவாரி வந்தாலும் போகமாட்டார். கலெக்டர் கச்சேரி குமாஸ்தா ஒருவர் அவசரம் என்று வந்து நின்று கெஞ்சியதையும், "ஆட்டம் முடியட்டும் சாமி" என்று இவர் கண்ணை எடுக்காமலே பதில் சொன்னதையும் நான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். போலீஸ்காரர்களின் டீம் எங்களை ஒருமுறை ஆறு கோல், மறுமுறை எட்டு கோல் அடித்துத் தோற்கடித்தது. ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சி பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார். யாரை எங்கே நிறுத்தியிருக்க வேண்டும், எந்த நேரத்தில் நான் புத்தி கெட்டுப் போனேன் என்று, மணி அடிக்கும் வரை என்னை ஏசுவார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பேன். டவுணில் எங்களுக்கு 'ரயிலடி டீம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அப்படிச் சொன்ன ஒருவனை நோக்கி அண்ணாச்சி ஒருநாள் சாட்டையை ஓங்கிவிட்டார். ஓங்கிய கை மெல்ல இறங்கியது. "அவன் சொன்னதும் நெசந்தான" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

அந்த நாட்களில் எங்களுக்கு மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை தையல் டீச்சரம்மாவின் மகன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்த விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளை. வலது ஓரத்தில் ஆடுவான். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு அவன் ஓடினால் பந்தையும் அவனையும் பிரித்துப் பார்க்க முடியாது. "இவன் குதிரையாப் பொறந்திருந்தா நான் வண்டியில பூட்டமாட்டேன், அவுத்துவிட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்பார் அண்ணாச்சி. அவனை மட்டும் அவர் ஏசியதே இல்லை.

பதினாலாம் வருஷத்து யுத்தம் தொடங்கிய மறு வருஷம் அவனுக்கும் கடிதம் வந்தது. கொழும்பில் இருந்த சித்தப்பா, தம் முதலாளியின் கடையில் ஒரு வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். முதலாளி தூத்துக்குடிக்கு வந்திருக்கிறார். வியாழக்கிழமை மாலைக் கப்பலில் திரும்புகிறார். பையன் காலை ரயிலில் வந்துவிட்டால் கையோடு கூட்டிப்போவார் என்று கடிதம் சொன்னது. டீச்சரம்மா வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். அந்தச் சனிக்கிழமைதான் போலீஸ்காரர்களோடு எங்களுக்கு அடுத்த ஆட்டம். செய்தியைச் சொன்னபோது அண்ணாச்சி குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை கழித்துப் போகக்கூடாதா என்று கேட்டார். கூடாது என்றேன். அவர் திரும்பிப் புல்லைப் போடத் தொடங்கினார்.

வியாழக்கிழமை காலையில் பையனையும் அவனுடைய தகரப்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் புறப்பட்டோம். டீச்சரம்மா தெருமுனை வரை கூடவே நடந்து வந்தார். ஸ்டேஷன் மூன்று மைல் இருக்கும்; நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் குதிரை அன்று நடந்தது. ஓடவேயில்லை. முருகன்குறிச்சியில் வார் தளர்ந்திருக்கிறது என்று அண்ணாச்சி இறங்கினார். வண்ணாரப்பேட்டையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டினார். பாலத்தில் ஏறியபோது குதிரை சவ ஊர்வலத்தில் போவதுபோல் அடி எடுத்து வைத்தது. அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வண்ணாரப்பேட்டையிலேயே விஷயம் விளங்கிவிட்டது. பையன் என்னிடம், "சார், மணி என்ன?" என்று கேட்டான். நான் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். விரட்டி ஓட்டினால் பிடிக்கலாம், இல்லையென்றால் இல்லை. "நேரம் கெடக்குலே" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பையில் போட்டேன். என் மனதில் அப்போது சனிக்கிழமை இருந்தது.

பாலத்தைத் தாண்டுவதற்குள் ஸ்டேஷன் மணி கேட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பெட்டி கைகாட்டி மரத்தைக் கடந்துகொண்டிருந்தது. பையன் பெட்டியைப் பிளாட்பாரத்தில் இறக்கி அதன்மேல் உட்கார்ந்தான். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ரயிலில் போய்ப் பயனில்லை. தூத்துக்குடியில் முதலாளி பார்க்கிற வரை பார்த்துவிட்டு, அங்கேயே வேலைக்காகக் காத்துநின்ற வேறொரு பையனை ஏற்றிக்கொண்டு போய்விட்டதாகச் சித்தப்பா பிறகு எழுதினார். இனித் தம்மை எதிர்பார்க்க வேண்டாம் என்றும் எழுதினார்.

மறுநாள் டீச்சரம்மா வாகைமரத்தடிக்கே வந்தார். சண்டை போட வருகிறார் என்றுதான் அண்ணாச்சி நினைத்தாராம். அந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி, வாயில்லாச் சீவன் நடந்தாத்தான உண்டு? கர்த்தருக்குச் சித்தமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். இதை என்னிடம் சொல்லும்போது அண்ணாச்சி குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "ஏசியிருந்தா தாங்கியிருப்பேன் வாத்தியாரய்யா" என்றார்.

சனிக்கிழமை நாங்கள் ஜெயித்தோம். ஒரே ஒரு கோல், போட்டவன் அவன்தான். இரண்டு வருஷத்தில் அதுதான் எங்களுக்கு முதல் வெற்றி. பையன்கள் ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நான் வாகைமரத்தடியைப் பார்த்தேன். அங்கே வண்டி இல்லை. அன்று முதல் அண்ணாச்சி மைதானத்துப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். சவாரிக்கு முருகன்குறிச்சியில் போய் நிற்க ஆரம்பித்தார். நான் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். பிள்ளை கெட்ட இடத்தில் நான் என்னத்தைப் பார்க்க என்று கேட்டார். நானும் அன்று அவரோடு வண்டியில் இருந்தவன்தானே என்று சொல்ல வாய் வரை வந்தது; வெளியே வரவில்லை.

அவனுக்கு உள்ளூரில் வேலை ஒன்றும் அமையவில்லை. மறு வருஷம், யுத்தத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமக்க ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, யாரிடமும் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டான். அரபு தேசத்துப் பஸ்ராவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்றார்கள். டீச்சரம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. புறப்படும் நாளில் அண்ணாச்சி சொல்லாமலே வண்டியோடு வந்து வாசலில் நின்றார். அன்று குதிரையை அவர் ஓட்டிய ஓட்டத்தில், ரயில் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். மூன்று பேரும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். ரயில் வந்ததும் அவர் பையனின் தலையில் கைவைத்து, உதடு அசைய துஆ ஓதினார்.

பிறகு டீமே இல்லாமல் போயிற்று. மிஞ்சியவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்ப, பதினொரு பேர் சேராமல் பந்தை என் வீட்டுப் பரணில் போட்டுவைத்தேன். மாதம் ஒருமுறை அண்ணாச்சி பள்ளிக்கூட வாசலுக்கு வருவார். ஏசுவதற்கு அல்ல, கடுதாசி வந்ததா என்று கேட்பதற்கு. வந்தது என்றால் எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று கேட்பார். அந்தத் தேதியில் உயிரோடு இருந்தான் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்த செய்தி.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அவன் வந்து இறங்கினான். நானும் அண்ணாச்சியும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். அவன்தான் என்று அடையாளம் காண எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விடாத காய்ச்சல் ஆளை உருக்கியிருந்தது. வண்டியில் ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டான். அண்ணாச்சி அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலத்தின் நடுவில் அவர் குதிரையை நிறுத்தினார். இந்த முறை இறங்கவில்லை. கடிவாளத்தைப் பிடித்தபடி, முன்னால் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஏலே தம்பி, அன்னைக்குக் குதிர நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் பைய விட்டேன். வேணும்னுதான் விட்டேன்."

பையன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும் அண்ணாச்சி" என்றான்.

அவர் திரும்பினார்.

"வண்ணாரப்பேட்டையிலயே தெரியும். நான் எறங்கி ஓடியிருந்தா உங்க குதிரைக்கு முன்னால போய் ரயிலப் புடிச்சிருப்பேன். எனக்குப் போக மனசில்ல. அத அம்மாகிட்ட எப்படிச் சொல்ல? வண்டி பிந்திட்டுன்னா அவ நம்புவா."

அண்ணாச்சி கடிவாளத்தை மடியில் போட்டார். பிறகு, "நாலு வருசம்லே" என்றார். "நாலு வருசமா நான் மைதானத்துப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. போலீசுக்காரனுக்கு நீ போட்ட கோலக்கூட நான் பாக்கலியே."

பையன் சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்கியதும் அவர் கேட்டார், "எந்தக் கால்ல போட்ட?"

"எடது கால்ல."

"வலதோரத்துல நிக்கவன் எடது கால்லயா? எப்படிலே?"

அவன் சொன்னான். பந்து எங்கிருந்து வந்தது, யார் குறுக்கே விழுந்தார்கள், போலீஸ் டீமின் கோலி எந்தப் பக்கம் சாய்ந்தான் என்று, எலும்பும் தோலுமான கையை நீட்டி வண்டியின் அடித்தட்டில் வரைந்து வரைந்து சொன்னான். அண்ணாச்சி இடையிடையே நிறுத்தி, மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார். வண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இருவரும் மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டார்கள். என் முறை வந்து, என் முறை போயிற்று. பள்ளிக்கூட வாத்தியார், சபையில் வேதம் வாசிக்கிறவன், டீமுக்குக் கேப்டன். வாயைத் திறக்க இதில் எது தடுத்தது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

டீச்சரம்மா மகனைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அவன் உடம்பு தேறி, மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலையில் சேர்ந்தான். திரும்பப் பந்தைத் தொடவில்லை. அண்ணாச்சி பிறகும் பத்து வருஷம் வண்டி ஓட்டினார். அவர் மௌத்தானபோது அடக்கத்துக்கு மேலப்பாளையத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். போன தையில் அவனும் போய்விட்டான். இப்போது அந்தப் பாலத்தில் மோட்டார் பஸ்கள் ஓடுகின்றன. ஸ்டேஷனுக்குப் போகக் கால்மணி நேரம்கூட ஆவதில்லை. யாருக்கும் ரயில் தவறுவதும் இல்லை. அன்று அந்த வண்டியில் இருந்த மூவரில் நான் ஒருவன்தான் மிச்சம். நேரம் கிடக்கிறது என்று நான் அவனிடம் சொன்னபோது கடிகாரம் என் கையில் இருந்தது. நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.