காவி கட்டிய தேக்கு

லுவாங் பிரபாங் மலைச்சரிவில் தேக்கு வளர்க்கும் சன்தாலாவுக்கு ஒரு மரத்தையும் வெட்ட மனம் வராது. நெருக்கம் குறைந்தால்தான் மரம் பருக்கும் என்றார், மேகோங் நாடுகளின் கூட்டுத் திட்டத்திலிருந்து வந்த வியட்நாம்காரர் க்வீ. "அடையாளம் போட்டிருக்கேன்க்கா, அதன்படி வெட்டுங்க" என்று நோஞ்சான் மரங்களில் காவித்துணி கட்டிவிட்டுப் போனார்.

அவளுக்குத் தலை சுற்றியது. காவி கட்டிவிட்டால் அந்த மரம் துறவி. ஊரில் யாரும் அதைக் கீறக்கூட மாட்டார்கள். போயும் போயும் இந்தக் கூனல்களுக்கா துறவு? படித்தவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று, நெடுநெடுவென நின்றவற்றை அழுதுகொண்டே சாய்த்தாள்.

திரும்பி வந்த க்வீ அலறினார்: "ஐயோ அக்கா! துணி கட்டுனதத்தானே வெட்டச் சொன்னேன்!"

கூனல் மரத்தடியில் சோற்றுருண்டை வைத்துக்கொண்டிருந்த சன்தாலா நிமிர்ந்தாள்.

"சாமியாராக்கிட்டா தம்பி வெட்டுவீங்க, உங்க ஊர்ல?"