எலியை விட்டுவிட்டு எழுதியது

போன புதன்கிழமை லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். யாரோ தோளில் தட்டினார். திரும்பினால் ரவி அண்ணை. அதே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். பக்கத்தில் அவர் மனைவி சாந்தி அக்கா.

"தம்பி, நீர் பேப்பரிலை எழுதினதை வாசிச்சனான். மண்டையைத் திறக்காமல் லைட் அடிச்சே மூளையைப் பார்க்கலாமாம். சாந்திக்கும் அப்பிடிச் செய்யேலுமோ?"

அக்காவின் தலைக்குள் ஒரு கட்டி. மண்டையோட்டில் துளை போட்டு, துண்டெடுத்துச் சோதிக்க ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். என் பத்தியைப் படித்த அண்ணை, போன் பண்ணி அந்த ரந்தேவூ நாளையே நிறுத்திவிட்டாராம்...

உடனே என் போனைத் தேடினேன். ஏன் என்கிறீர்களா?

இங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மதுரைக்காரர் கார்த்திக் சொன்னதைத்தான் எழுதினேன். எலும்பு வெளிச்சத்தைச் சிதறடிக்கும். எப்படிச் சிதறுகிறது என்று அளந்து, அதற்கேற்பத் திருத்தி அனுப்பினால், உள்ளே நரம்பு செல்லின் கிளைகள்கூட மைக்ராஸ்கோப்பில் தெரியும். எல்லாம் சரி. ஆனால் அவர் பார்த்தது எலியின் மூளை. எலி என்றால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்களே... அந்த ஒரு சொல்லை நான்தான் விட்டேன்.

அங்கேயே கார்த்திக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அண்ணே, எலி மண்டையோடு நகம் மாதிரி மெல்லிசு. மனுஷங்க எலும்பு அப்படியா? இன்னும் எத்தனை வருஷமாகுமோ தெரியாது. தயவுசெஞ்சு ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க."

ரவி அண்ணை ஒரு கத்தரிக்காயை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது.

"உம்மிலை பிழையில்லை. அவளுக்குச் சரியான பயம், தம்பி. அதுதான்..."

"ஆருக்குப் பயம்?" சாந்தி அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஆஸ்பத்திரிதான் பின்போட்டதெண்டு எனக்குச் சொன்னீங்கள்."

அண்ணை மறுபடி கத்தரிக்காய்ப் பக்கம் திரும்பினார்.

அக்கா அண்ணையின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, ஆஸ்பத்திரியுடன் நிதானமான பிரெஞ்சில் பேசினார். கால் மணி நேரம் காத்திருந்து புதிய நாள் வாங்கினார்.

"வாற செவ்வாய்," என்றார் எங்கள் இருவருக்கும் பொதுவாக.

எனக்கு வசதியானதை நான் எழுதினேன். அண்ணைக்கு வசதியானதை அவர் வாசித்தார். தலை மட்டும் சாந்தி அக்காவுடையது.