தாட்சாயிணியின் பிராக்டிகல்

இஸ்திரிப் பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்கிறாள் தாட்சாயிணி. "உள்ள ஒயரு அறுந்துகினு கீதுக்கா" என்கிறாள், பெட்டியைக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு வனஜாவிடம். பருத்திப்பட்டில் அந்தத் தெருவுக்கு டாக்டர் அவள்தான். எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. தலையில் பூ இருக்கிறதோ இல்லையோ, கொண்டையில் டெஸ்டர் செருகியிருக்கும்.

வகுப்பில் அவளுக்கு ஆகாத கூட்டம் ஒன்று உண்டு. "எடி கரண்ட்", "ஹிஸ்டெரிசிஸ்" என்று வாய் நிறையப் பேசும். பீஸ் கட்டையைப் பிடுங்கச் சொன்னால் பக்கத்து ஆளைப் பார்க்கும். "அந்த மாரி ஒண்ணு வந்து வாச்சா, ஆயுசுக்கும் நான்தான் பல்பு மாத்தணும்" என்பாள்.

அந்தப் பயம் வீண் இல்லை. அப்பா பக்தவத்சலம் இன்ஜினியர் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். படிப்பு முடியட்டும் என்று அவள் கெஞ்சியது எடுபடவில்லை. அதனால் வருகிறவருக்குக் கைவேலை தெரியுமா என்று அவளே சோதித்தாள். பெண் பார்க்க வருகிற நாளில், காலையிலேயே மெயினை அணைத்துவிட்டுக் கூடத்து மின்விசிறியின் கண்டென்சரைக் கழற்றி ஒளித்துவிடுவாள். அது இல்லாவிட்டால் விசிறி உறுமும், சுற்றாது. வந்தவர்கள் போனதும் மாட்டிவிடுவாள்.

முதலில் வந்தவர் "பேக் இ.எம்.எப். பிராப்ளம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு வியர்க்க வியர்க்கக் கேசரி சாப்பிட்டார். அடுத்தவர் "பவர் பேக்டர்" என்றார், மின்வாரியத்தைத் திட்டினார். இருவரையும் அவள் வேண்டாமென்றாள். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இனிமே வர்றவன் எவனா இருந்தாலும் நிச்சயம்தான்."

வந்தவர் ஜெயராமன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. உட்கார்ந்ததுமே விசிறியைப் பார்த்து, "சிங்கிள் பேஸ் மோட்டார், ஸ்டார்ட்டிங் டார்க்" என்று ஆரம்பித்தார். இவரும் அந்தக் கூட்டம்தான் என்று நினைத்தாள், கதவோரம் நின்ற தாட்சாயிணி.

திடீரென்று பேச்சை நிறுத்தி அந்த உறுமலைக் கேட்டார். "ஸ்டூல் ஒண்ணு கீதா மாமா? மெயினை ஆப் பண்ணுங்க."

ஏறி, மேல் மூடியை இறக்கினார். கண்டென்சர் இருக்கவேண்டிய இடம் காலி. இரண்டு ஒயர் முனைகளிலும் பாந்தமாக டேப் சுற்றியிருந்தது. மேலே நின்றபடியே கதவுப் பக்கம் பார்த்தார். தாட்சாயிணி தரையைப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, இன்னா கோளாறு?" என்றார் பக்தவத்சலம்.

"ஆர்மேச்சர் ரியாக்‌ஷன் மாமா" என்றார் ஜெயராமன், முகம் மாறாமல். அந்த விசிறிக்கு அப்படி ஒரு வியாதி வரவே வராது. "அவங்க படிச்சி முடிச்சாங்கன்னா அவங்களே சரி பண்ணிடுவாங்க. அதுக்கப்புறம் மத்தத பேசலாம். நான் வெயிட் பண்றேன்."

கால் சரியில்லாத ஸ்டூல் ஆடியது. தாட்சாயிணி வந்து அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.