நான் கையெழுத்துப் போடாத காகிதம்

பத்தாவது தேறினால்தான் கண்டக்டர் லைசென்ஸ். இல்லையென்றால் கடைசிவரை லாரி கிளீனர்தான். எண்பதுகளின் நடுவில் மூன்றாவது தடவையாகத் தனித்தேர்வு எழுதினேன்.

சரித்திரப் பரீட்சையன்று பாண்டியிலிருந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டையோடு வந்து, விழுப்புரத்தில் இறக்கிப் போட்டுவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். குளிக்கவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

அந்த மாதம் என்னை விழுப்புரம்–பாண்டி லைனில் போட்டிருந்தார்கள். அந்த ரோட்டில் தமிழ்நாடும் பாண்டியும் மாறி மாறி வரும். எங்கே எந்த போலீஸ் கை காட்டினால் எந்த பெர்மிட்டை எடுத்து நீட்டுவது என்பது என் பொறுப்பு. டிரைவருக்குப் படிக்கத் தெரியாது. சீட்டில் எழுதினால் வியர்வையில் ஊறிவிடும் என்று தினமும் காலையில் முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் ஊர்களை வரிசையாக எழுதிக்கொள்வேன். மனப்பாடமான பிறகும் எழுதினேன். கிளீனர்களுக்கு அது பழக்கம்.

பிரெஞ்சுப் பேரரசரின் ஆட்சி முடிந்ததையும் அதையொட்டிய உடன்படிக்கைகளையும் பற்றி ஒரு கேள்வி. 1814இல் பதவியை விட்டார், எல்பா தீவுக்கு அனுப்பினார்கள், தப்பி வந்து நூறு நாள் ஆண்டார், வாட்டர்லூவில் தோற்றார். நோட்ஸில் அவ்வளவுதான். பழைய பேப்பர் லோடில் கிடைத்த ஒரு கிழிந்த புத்தகத்தில் நான் படித்ததையும் சேர்த்தேன். பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டிஷ்காரர்கள் பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அதனால் வளவனூர் நம்முடையது, மதகடிப்பட்டு அவர்களுடையது, கண்டமங்கலம் மறுபடி நம்முடையது என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் இந்த ரோட்டில் வந்ததில்லை என்றும் எழுதினேன்.

அப்போதுதான் பறக்கும் படை அதிகாரி உள்ளே வந்தார். என் கையைப் பிடித்துத் திருப்பினார். விடைத்தாளைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே ஊர்கள்.

"இன்னாய்யா இது?"

"ரூட்டு சார். லாரி கிளீனரு."

"ஹிஸ்டரி எக்ஸாமுக்கு ரூட்டா? பாத்து எழுதினேன்னு எழுதிக் கையெழுத்து போடு. இந்தப் பேப்பரோட உட்டுடறேன். இல்லேன்னா ஜென்மத்துக்கும் எக்ஸாம் எழுத முடியாது."

வெள்ளைத்தாளை நீட்டினார்.

"போட மாட்டேன் சார்."

"திமிரப் பாரு."

தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முன்கையில் நானே சுற்றினேன்.

"இப்பக் கேளுங்க சார். ஒண்ணு தப்புனாலும் போடறேன்."

"அரியூரு?"

"பாண்டி."

"அதுக்கு முன்னாடி?"

"கண்டமங்கலம். இந்தாண்டையும் பாண்டி, அந்தாண்டையும் பாண்டி. நடுவுல மாட்டிக்கினு நாம."

ஹால் மேற்பார்வையில் இருந்த டீச்சர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். "கண்டமங்கலம் எங்க ஊருதான் சார். கரெக்டா சொல்றாரு."

அதிகாரி விடவில்லை. "ஊரு தெரிஞ்சா போதுமா? உங்க ராஜா கடைசில இன்னா பண்ணாரு, அதச் சொல்லு."

"பதவிய உட்டுடறேன்னு எழுதிக் கையெழுத்து போட்டாரு சார். தீவுல கொண்டுபோய் உட்டாங்க. அத்தப் படிச்சிட்டுத்தான் நான் போடல."

பின் பெஞ்சில் யாரோ விசிலடித்தார்கள். அதிகாரியின் முகம் கறுத்தது. என் விடையைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிட்டு, டீச்சரிடம் புதுத்தாள் கொடுக்கச் சொன்னார். துண்டை அவிழ்க்கக் கூடாது என்றார். அரைமணி நேரம் மிச்சம் இருந்தது. கையில் கட்டோடு அதே விடையை, அதே ஊர்களோடு, ஒரு வரி குறையாமல் திரும்ப எழுதினேன்.

சரித்திரத்தில் தேறினேன். கணக்குப் பரீட்சையில் போய்விட்டது. லைசென்ஸ் வரவில்லை. மேலும் பல வருஷம் அதே ரோட்டில் கிளீனராகவே போய்வந்தேன். சம்பளச் சீட்டோ, போலீஸ் எழுதி நீட்டுவதோ, முழுசாகப் படிக்காமல் இன்றுவரை நான் பேனாவைத் தொட்டதில்லை. நிற்க வைத்துக் கத்துவார்கள். கத்தட்டும் என்று படித்துக்கொண்டிருப்பேன்.