சிவப்புக் காரின் அடிப்பக்கம்

இன்று மாளிகாவத்தையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனேன். சிவப்பு. இரண்டே சீட். உள்ளே ஜப்பான் எஞ்சின் மாற்றிப் போட்டிருந்தார்கள்.

"உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டுவிட்டுத்தான் மனைவி அனுப்பினாள்.

"அடிப்பக்கத்தை ஒருக்கா பாக்கலாமோ நானா?" என்று விற்பவரைக் கேட்டேன்.

"அதெல்லாம் பக்கா தம்பி. ஓட்டிப் பாருங்க" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

ஓட்டினேன். மனம் பறிபோய்விட்டது.

மருதானை செக்பொயின்டில் மறித்தார்கள். வாங்குவதற்கு ஓட்டிப் பார்க்கிற கார் என்று நானா சொன்னார். இளம் சிப்பாய் ஒருவன் என் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்தான். யாழ்ப்பாணம். உடனே குண்டு தேட, நீளத் தடியில் பூட்டிய கண்ணாடியைக் காருக்குக் கீழே விட்டான்.

குனிந்தவன் நிமிரவே இல்லை. இந்தக் காருக்குள் யார் எதை வைத்தார்களோ என்று நானாவைத் திரும்பிப் பார்த்தேன்.

இறங்கி வரும்படி கையைக் காட்டினான். போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். சேசிஸ் நடுவில் வெடித்துப் பிளந்திருந்தது. அதை வெல்டிங்கால் ஒட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"அய்யே, மேக்க கன்ன எபா" என்றான் சிங்களத்தில். வாங்க வேண்டாமாம். ஆமிக்கு வர முன் கராஜில் வேலை செய்தவனாம்.

"எனக்கு வித்தவன் சொல்லவே இல்லயே தம்பி" என்று நானா தலையில் கை வைத்தார். பாவம்.

இத்தனை வருடமாக அந்தக் கண்ணாடி என்னைத்தான் சந்தேகித்தது. இன்றைக்கு முதல் தடவையாக எனக்காகச் சந்தேகித்தது.

அடுத்த காரையும் மருதானை வழியாகத்தான் ஓட்டிப் பார்ப்பேன். விற்க இருப்பவர்கள் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.