உள்ளங்கைத் தண்ணீர்

எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தப் பேராசிரியர் உட்கார மாட்டார். குடிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றச் சொல்லி முகர்ந்து பார்ப்பார். கொள்ளைநோய் எப்படிப் பரவுகிறது என்று மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொல்பவர். ஒல்லி உடம்பு, கசங்கிய கோட்டு, தூக்கம் காணாத கண்கள். திருச்சியில் அவருக்கு ஜீப் ஓட்டியவன் நான்.

ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் காலரா கண்டது. கிணறுகளிலெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட வைத்தார். அப்படியும் நோய் அடங்கவில்லை. ஏன் என்று புரியாமல் வீடு வீடாக அலைந்தார்.

ஒரு வீட்டில் வழக்கம்போல் கையைக் குவித்து நீட்டினார். தீர்த்தம் கேட்கிறார் என்று நினைத்த அந்த வீட்டு மாமி, பெருமாளுக்கு முன்னால் இருந்த தீர்த்த வட்டிலைக் கொண்டுவந்து பக்தியோடு வார்த்தாள்.

முகர்ந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “மருந்து வாடையே இல்லையேம்மா?”

“மருந்து போட்ட கிணத்து ஜலம் பெருமாளுக்கு ஆகுமோ? தெருவே இப்போ வாய்க்கால்லேர்ந்துதான் எடுத்துண்டு வரது. அவருக்கு ஆகாதது நமக்கு எதுக்குன்னு, குடிக்கறதும் அதைத்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். “நல்ல கிணத்தை விட்டு ஜனங்களை நானே துரத்திட்டேன்ப்பா.”

“உள்ளே கொழந்தைக்கு நேத்திலேர்ந்து வாந்தி,” என்றாள் மாமி. “தீர்த்தம்தான் கொடுத்துண்டிருக்கேன்.”

அவர் கையிலிருந்ததைக் குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார். தோற்றுப்போனது தெரிந்த பிறகு அப்படி ஓடிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வாசலிலிருந்து குழந்தையின் பாய் வரைக்கும் அவர் விரலிடுக்கில் தீர்த்தம் சொட்டிக்கொண்டே போனது.