எங்கள் வீட்டின் ஆண்டுச் சொல்

1. அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று படித்தேன். அதிகம் புழங்கிய சொல்லை அல்ல, முந்தைய ஆண்டைவிடச் சட்டென்று கூடிய சொல்லைத்தான் தேடுகிறார்கள்.
2. அப்பா, அம்மா, நான் மூவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவின் இரண்டு வருடப் பேச்சை இறக்கி, சின்ன நிரல் எழுதி எண்ணினேன்.
3. 'சாப்பிட்டியா' முதலில் வந்தது. அது எல்லா வருடமும் வருவது. நீக்கினேன்.
4. சட்டென்று கூடியவற்றில் முதலில் நின்றது 'பைய'.

அது அப்பாவின் சொல்; மெதுவாக என்று பொருள். அம்மா இரண்டாவது வருடம்தான் ஸ்கூட்டர் பழகி, தான் வேலை பார்க்கும் அங்கன்வாடிக்குத் தானே ஓட்டிப் போக ஆரம்பித்திருந்தாள். விக்கிரமசிங்கபுரம் மில்லுக்குச் சைக்கிளிலேயே போய் ஓய்வு பெற்ற அப்பா, தினமும் காலையில் 'பைய போ' என்று அனுப்புவார். மழை நாளில் வாய்க்கால் கரையில் அம்மா ஒருமுறை சறுக்கி விழுந்த பிறகு, மாலையிலும் அனுப்பினார்.

பொங்கல் விடுப்பில், நான் வேலை பார்க்கும் கங்கைகொண்டானிலிருந்து வீட்டுக்கு வந்தபோது முடிவை வாசித்தேன். அப்பா எழுந்து போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியாளா, கம்ப்யூட்டரே சொல்லிட்டு. இனி பஸ்ஸுலயே போ."

பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா அவரைப் பார்க்காமல் என்னிடம் கேட்டாள்.

"ஏட்டி, நான் பேசுனது அதுல எங்க இருக்கு?"

எங்கும் இல்லை. அம்மா தட்டச்சு செய்வதே கிடையாது, எல்லாம் குரல் பதிவுதான். ஒலி என்பதால் என் நிரல் அவை அத்தனையையும் தாண்டிப் போயிருந்தது. தொழிற்சாலையில் ஒரே எந்திரத்தில் மாதிரி எடுத்து யாராவது அறிக்கை கொடுத்தால் திருப்பி அனுப்புகிறவள் நான்.

இரண்டு நாள் உட்கார்ந்து அந்தப் பதிவுகளைக் கேட்டேன். முந்தைய வருடம் முழுக்க 'பஸ்ஸக் காணும்', 'பஸ் போயிட்டு'. அடுத்த வருடம், பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே, காலைதோறும் ஒரே சொல்: 'வந்துட்டேன்'. விழுந்த நாளிலும் அதையேதான் சொல்லியிருந்தாள், மூச்சு வாங்க.

அப்பாவை உட்காரவைத்து அவற்றை வரிசையாகப் போட்டேன். முகத்தை இறுக்கமாகவே வைத்திருந்தார். ஒரு பதிவில் அம்மா, "வந்துட்டேன். நம்ம பஸ்ஸு பின்னாலதான் வருது" என்றாள். அதில் சிரித்துவிட்டார். மறுபடி போடச் சொன்னார். அப்புறம் சாவியை எடுத்து நீட்டினார்.

"பிடி. ஆனா பைய."

அன்றும் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா, நார் ஒட்டிய கையோடு வாங்கிக்கொண்டாள்.

எங்கள் ஆண்டுச் சொல் 'வந்துட்டேன்'. சாவி அம்மாவிடம் இருக்கிறது. குரல் பதிவுகளையும் இப்போது எண்ணுகிறேன்.